65-ஆ, 66-ஆ? பழைய அமெரிக்கக் கார்களை ஆண்டு பார்த்து ஒப்பிடுவது எப்படி

பழைய அமெரிக்கக் கார் மீது ஆசை வந்தவர் மாடலைச் சீக்கிரமே முடிவு செய்துவிடுவார். மஸ்டாங், கார்வெட், சார்ஜர், இம்பாலா என்று மனம் ஏதாவது ஒன்றில் போய் நின்றுவிடும். திணறல் அதற்குப் பிறகுதான். எந்த வருடத்து மஸ்டாங்? எந்த வருடத்து கார்வெட்? 1950களிலும் 60களிலும் அமெரிக்கக் கம்பெனிகள் வருடத்துக்கு வருடம் காரை மாற்றிக்கொண்டே இருந்தன. சில வருடம் கிரில்லும் குரோமியப் பட்டையும் மட்டும் மாறும். சில வருடம் பிரேக், கியர், இன்ஜின் எல்லாம் மாறியிருக்கும், ஆனால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்குப் போன வருடத்துக் கார் போலவே இருக்கும்.

நான் மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். கார் கதவு, பானட் போன்ற தகடுகள் வரைபடத்தில் சொன்ன அளவுக்கு வந்திருக்கின்றனவா என்று சரிபார்ப்பது என் தொழில். ஒரு பாகம் மாறினால் அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் கேட்ட கேள்வி இருக்கும் என்பது இந்த வேலையில் தினமும் பார்ப்பது. பழைய கார்களையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். என் முறை இதுதான்: ஒரே மாடலின் அடுத்தடுத்த இரண்டு வருடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் என்னென்ன மாறியது என்று இடது பக்கம் எழுதுங்கள். ஏன் மாற்றினார்கள் என்று வலது பக்கம் எழுதுங்கள். வலது பக்கம் நிரம்ப நிரம்ப, உங்களுக்கு எந்த வருடம் பிடிக்கிறது என்பதும், அது ஏன் பிடிக்கிறது என்பதும் தெளிவாகும். 1957 இம்பீரியலையும் 1970 கூடாவையும் ஒப்பிட்டுப் பேசுவது பொழுதுபோக்குக்கு நன்றாக இருக்கும். அதிலிருந்து வருடம் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்ள முடியாது.

முதலில் வருடக் கணக்கு

மாடல் வருடமும் காலண்டர் வருடமும் ஒன்றல்ல. அமெரிக்காவில் அடுத்த வருடத்து மாடல் இலையுதிர் காலத்திலேயே ஷோரூமுக்கு வந்துவிடும். 1955 செவர்லே 1954 அக்டோபரிலேயே விற்பனைக்கு வந்தது. ஆகவே ஒரு காரின் தயாரிப்புத் தேதி 1954 நவம்பர் என்று இருந்தால் அது 54 மாடல் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்.

இந்த வழக்கத்தை உடைத்த கார்களும் உண்டு. மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. அந்த வசந்தத்தில் செய்த கார்களை ரசிகர்கள் அறுபத்து நாலரை என்று தனியாகச் சொல்வார்கள். ஆனால் ஃபோர்டின் கணக்கில் எல்லாமே 1965 மாடல்தான். வண்டி எண்ணும் 5 என்ற இலக்கத்தில்தான் தொடங்கும். அப்படியானால் பிரித்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. முதலில் வந்த கார்களில் மின்சாரம் தர டைனமோ இருந்தது. 1964 ஆகஸ்டுக்குப் பிறகு ஆல்டர்னேட்டர் வந்தது. 260 கியூபிக் இன்ச் கொள்ளளவுள்ள வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின் போய் 289 வந்தது. 170 கியூபிக் இன்ச் ஆறு சிலிண்டர் இன்ஜினுக்குப் பதில் 200 வந்தது. தினமும் ஓட்ட நினைக்கிறவருக்கு ஆல்டர்னேட்டர் இருக்கிற கார் நிம்மதி. தொடக்கத்தின் தொடக்கம் வேண்டும் என்கிறவருக்கு டைனமோதான் அழகு. ஒரே மாடல் வருடத்துக்குள்ளேயே இப்படி இரண்டு கார்கள் ஒளிந்திருக்கும்.

இன்னொரு பக்கம், செவர்லேயின் 1970 கமாரோ தாமதமாகி 1970 பிப்ரவரியில்தான் வந்தது. அதனால் 69 கமாரோவின் உற்பத்தியை வழக்கமான காலத்தைத் தாண்டி நீட்டித்தார்கள். தயாரிப்புத் தேதியைப் பார்த்து எது எந்த மாடல் என்று சொல்வதற்கு முன், அந்த மாடலின் அறிமுக மாதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பழகுவதற்கு நல்ல பாடம்: செவர்லே 55, 56, 57

புதிதாகத் தொடங்குகிறவர்களை நான் இந்த மூன்று வருடத்துக்குத்தான் அனுப்புவேன். மூன்றுக்கும் அடிப்படை ஒன்று. எங்கே கண்காட்சி நடந்தாலும் மூன்றும் நிற்கும். மாற்றங்கள் கண்ணுக்குத் தெரியும்.

1955-ல் எல்லாமே புதிது. பொறியாளர் எட் கோல் தலைமையில் உருவான 265 கியூபிக் இன்ச் வி8, 6 வோல்ட்டுக்குப் பதில் 12 வோல்ட் மின்சாரம், புது முன் சஸ்பென்ஷன். கிரில் சின்னதாக, கட்டம் கட்டமாக, ஃபெராரி சாயலில் இருக்கும். எனக்கு அந்தக் கிரில் மிகவும் பிடிக்கும். அப்போது வாங்கிய அமெரிக்கர்களில் பலருக்கு அது போதவில்லை. அகலமான, பளபளக்கும் முகம் எதிர்பார்த்தார்கள். ஆகவே 1956-ல் கிரில் காரின் முழு அகலத்துக்கும் நீண்டது. இடது பக்கத்தில் "கிரில் அகலமானது" என்று எழுதுகிறோம், வலது பக்கத்தில் "வாங்குபவரின் ரசனை" என்று எழுதுகிறோம். கண்ணுக்குத் தெரியாத மாற்றமும் அந்த வருடம் உண்டு. 55-ன் 265 இன்ஜின் பிளாக்கில் ஆயில் ஃபில்டருக்கு இடமே விடவில்லை. வேண்டுமானால் வெளியே தனியாக மாட்டிக்கொள்ள வேண்டும். 56-ல் பிளாக்கிலேயே ஃபில்டர் வந்துவிட்டது. நீண்ட தூரம் ஓட்டும் எண்ணம் இருந்தால் கிரில்லை விட இந்த வரிக்கு அதிக மதிப்பு கொடுப்பேன்.

பெட்ரோல் மூடியைத் தேடிப் பாருங்கள், மூன்று வருடமும் பிரிந்துவிடும். 55-ல் இடது பின்பக்கத் தகட்டில் சாதாரணக் கதவு. 56-ல் இடது டெயில்லைட்டுக்குப் பின்னால் ஒளித்தார்கள். 57-ல் இடது வால் துடுப்பின், அதாவது பின்மூலையில் மீன் துடுப்பு போல எழுந்து நிற்கும் தகட்டின் ஓரத்தில் இருக்கிற குரோமியப் பட்டைக்குள் புதைத்தார்கள்.

57-ல் துடுப்பு வந்தது, டேஷ்போர்டு முழுவதும் மாறியது, 15 இன்ச் சக்கரம் 14 இன்ச் ஆனது, கார் தாழ்வாகத் தெரிந்தது. ஹெட்லைட் வளையத்தைச் சுற்றியிருக்கும் சல்லடை வழியாகத்தான் உள்ளே காற்று போகும். 283 கியூபிக் இன்ச் இன்ஜினில் ரோச்செஸ்டர் ஃபியூயல் இன்ஜெக்ஷன் போட்டு 283 குதிரைத்திறன் காட்டியதும் இதே வருடம். இன்று உலகம் முழுவதும் சுவரொட்டியில் தொங்குகிற செவர்லே பெல் ஏர் இந்த 57தான். ஆனால் அந்த மாடல் வருடத்து உற்பத்தியில் ஃபோர்டு செவர்லேயை முந்தியது. புதுக் காராக இருந்தபோது எது விற்றது, பழைய காராக ஆனபின் எது விரும்பப்படுகிறது என்ற இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பெயர் பெற்ற வருடம் என்பதற்காக 57-ஐ எடுக்காதீர்கள். மூன்றையும் ஓட்டுநர் சீட்டிலிருந்து பாருங்கள். 55, 56 இரண்டின் டேஷ்போர்டும் கிட்டத்தட்ட ஒன்று, இரு பக்கமும் ஒத்த வடிவம். ஓட்டும்போது கண் முன்னால் இருக்கப்போவது துடுப்பல்ல, அந்த டேஷ்போர்டு.

காரணங்கள் எங்கிருந்து வருகின்றன

கொஞ்ச நாள் இப்படி எழுதிப் பழகினால் வலது பக்கத்தில் சில காரணங்கள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள்.

போட்டிக் கம்பெனி ஒரு காரணம். வர்ஜில் எக்ஸ்னர் வடிவமைத்த 1957 கிறைஸ்லர் கார்கள் தாழ்வாக, நீளமாக, கூர்மையான துடுப்போடு வந்தபோது, செவர்லே, காடிலாக், போன்டியாக், ப்யூக் எல்லாவற்றுக்கும் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் டிசைனர்கள் தங்கள் 1959 கார்களைத் திரும்ப வரைய உட்கார்ந்தார்கள். 59 காடிலாக்கின் அந்த ராட்சதத் துடுப்பும், துப்பாக்கிக் குண்டு போன்ற இரட்டை டெயில்லைட்டும் அப்படி வந்தவை. அடுத்த வருடமே துடுப்பைத் தாழ்த்தி, முகத்தையும் அமைதிப்படுத்திவிட்டார்கள். இரண்டிலும் இன்ஜின் அதே 390 கியூபிக் இன்ச். ஆகவே 59-ஆ 60-ஆ என்பது முழுக்க முழுக்கக் கண்ணின் தேர்வு. எனக்கு 60. துடுப்பின் கோடு பின்பக்கத்தோடு சேர்ந்து ஓடுகிறது. 59-ல் துடுப்பு மட்டும் தனியாக எழுந்து நிற்கிறது.

வாங்கியவர்களின் புகார் இன்னொன்று. 1955 தண்டர்பேர்ட் இரண்டு பேர் உட்காரும் அழகான கார், ஆனால் டிக்கி சிறியது. 56-ல் ஸ்டெப்னியை வெளியே பின் பம்பரில் ஏற்றினார்கள், உள்ளே வெப்பம் குறைய முன் பக்கத்தில் காற்றுக் கதவு வைத்தார்கள், கழற்றி மாட்டும் கூரையில் வட்டமான ஜன்னல் ஒன்றைக் கொடுத்தார்கள், ஏனென்றால் ஓட்டுபவருக்குப் பக்கவாட்டில் ஒன்றும் தெரியவில்லை. 57-ல் பின்பக்கத்தையே நீட்டி ஸ்டெப்னியை உள்ளே கொண்டுபோனார்கள். டிக்கி பற்றிய ஒரே புகாருக்கு 56-ம் 57-ம் சொன்ன இரண்டு பதில்கள். என் மனத்துக்குக் கடைசிப் பதில்தான் சரி.

பந்தயம் இன்னொன்று. டாட்ஜின் 1969 சார்ஜர் 500-லும் சார்ஜர் டேடோனாவிலும் பின்கண்ணாடியை உடலோடு சமமாகக் கொண்டுவந்தது நாஸ்கார் கார்ப் பந்தய ஓடுபாதையில் காற்று சிக்காமல் இருப்பதற்காக. வழக்கமான சார்ஜரில் அந்தக் கண்ணாடி இரண்டு சாய்ந்த தூண்களுக்கு நடுவே உள்ளே பதிந்திருக்கும். சார்ஜர் 68, 69, 70 மூன்றையும் பிரிப்பது சுலபம். 68-ல் நான்கு வட்ட டெயில்லைட், நடுவில் பிரியாத கிரில். 69-ல் நீளமான டெயில்லைட், கிரில்லுக்கு நடுவே ஒரு பிரிவு. 70-ல் முகத்தைச் சுற்றி வளைந்து ஓடும் குரோமிய பம்பர்.

பிறகு சட்டம். 1966-ல் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் தடங்கள் 1967, 68, 69 கார்களில் வரிசையாகத் தெரியும். 67 வாக்கில் பிரேக்குக்கு இரண்டு சுற்றுள்ள மாஸ்டர் சிலிண்டர் பரவலாகிவிட்டது. ஒரு பக்கம் பிரேக் ஆயில் கசிந்தாலும் மற்ற பக்கம் பிடிக்கும். 68-ல் பக்கவாட்டில் அடையாள விளக்கோ பிரதிபலிப்பானோ கட்டாயமானது. 1969 ஜனவரி முதல் முன் சீட்டில் தலை தாங்கி வேண்டும். குடும்பத்தோடு ஓட்டப்போகிற கார் என்றால், 66-ஐயும் 67-ஐயும் ஒப்பிடும்போது அந்த மாஸ்டர் சிலிண்டரை முதல் வரியில் எழுதுங்கள். 66 மனத்தில் உட்கார்ந்துவிட்டால் பரவாயில்லை; இரட்டை மாஸ்டர் சிலிண்டரைப் பின்னால் பொருத்திக்கொள்ள வழி இருக்கிறது. அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

கமாரோவில் 67-க்கும் 68-க்கும் நடுவே இரண்டு மாற்றங்கள் முதல் பார்வையில் தெரியும். பக்கவாட்டு விளக்கு வந்தது சட்டத்தால். கதவின் முன்மூலையில் தனியாகத் திறக்கும் முக்கோணக் கண்ணாடி போனது சட்டத்தால் அல்ல. டேஷ்போர்டு வழியாகக் காற்று தரும் அமைப்பு வந்ததால். என் மனைவிக்கு அந்த முக்கோணக் கண்ணாடிதான் உயிர். அதைத் திருப்பி வைத்தால் முகத்தில் நேராகக் காற்று அடிக்கும், அதற்காகவே 67 என்பாள். எனக்கு 69. கதவும் பக்கத் தகடுகளும் புதிதாக, சக்கரத்துக்கு மேலே பின்னோக்கி இழுத்த மடிப்போடு வந்த வருடம். அந்த மடிப்பு மாலை வெயிலில் நிழல் விழுத்துவதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

குதிரைத்திறனை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்

1970-க்கும் 72-க்கும் இடையே ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறான முடிவுக்குப் போகிறார்கள். செவர்லே கார்வெட்டின் எல்டி-1 இன்ஜினை எடுத்துக்கொள்வோம். 350 கியூபிக் இன்ச். 1970-ல் 370 குதிரைத்திறன். 71-ல் 330. 72-ல் 255. இரண்டே வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று தோன்றும்.

இங்கே இரண்டு வெவ்வேறு விஷயங்கள் நடந்தன. 1971 மாடல்களுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் கம்ப்ரெஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் விகிதத்தைக் குறைத்தது; ஈயம் குறைந்த, ஆக்டேன் குறைந்த பெட்ரோலில் ஓட வேண்டும் என்பதற்காக. எல்டி-1-ல் 11-க்கு 1 என்றிருந்தது 9-க்கு 1 ஆனது. இது உண்மையான இழப்பு. 72-ல் நடந்தது முக்கியமாக அளக்கும் முறை மாறியது. அதற்கு முன் இன்ஜினைத் தனியாக மேடையில் வைத்து, சைலன்சரும் மற்ற துணைக்கருவிகளும் இல்லாமல் அளந்த மொத்தத் திறனை விளம்பரம் செய்தார்கள். 72 முதல், காரில் பொருத்தியிருக்கும் நிலையில் கிடைக்கும் நிகரத் திறனைச் சொன்னார்கள். 71-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு கணக்கையும் வெளியிட்டதால் நமக்கு ஒரு பாலம் கிடைக்கிறது: அந்த 330 நிகரக் கணக்கில் 275. ஆக 71-க்கும் 72-க்கும் உண்மை வித்தியாசம் 275-க்கும் 255-க்கும் உள்ளது மட்டுமே. உங்கள் நோட்டில் குதிரைத்திறன் எழுதும் ஒவ்வொரு இடத்திலும் மொத்தமா நிகரமா என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

மேல்நோக்கிய தாவலும் உண்டு. நடுத்தர அளவுக் கார்களில் 400 கியூபிக் இன்ச்சுக்கு மேல் இன்ஜின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸே தனக்குப் போட்டிருந்த வரம்பை 1970-ல் எடுத்தது. செவர்லேயின் செவெல்லில் 454 வந்தது. அதன் எல்எஸ்6 வடிவம் 450 குதிரைத்திறன், மொத்தக் கணக்கில். 69 செவெல்லையும் 70 செவெல்லையும் ஒப்பிடுகிறவர் இந்த வரம்பைத் தெரிந்துகொள்ளாமல் ஒப்பிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

கார்வெட் 63 முதல் 67 வரை

இந்த ஐந்து வருடத்தை நான் தனியாக எடுத்துப் பேச விரும்புகிறேன். அழகும் பொறியியலும் எதிரெதிர் திசையில் போன வரிசை இது.

1963-ல் ஸ்டிங் ரே வந்தது. கூப்பின், அதாவது நிலையான கூரையுள்ள இரண்டு கதவுக் காரின் பின்கண்ணாடி நடுவில் ஒரு முதுகெலும்பு ஓடி இரண்டாகப் பிரிந்திருக்கும். டிசைன் தலைவர் பில் மிட்செல் அது வேண்டும் என்று நின்றார். பொறியாளர் ஸோரா ஆர்கஸ்-டண்டாவ் பின்னால் வருவது தெரியவில்லை என்று எதிர்த்தார். 64-ல் ஒரே கண்ணாடியாக மாறியது. அப்போது 63 வைத்திருந்த சிலர் நடுத்தூணை அறுத்து எடுத்துவிட்டு 64 கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார்கள். 63-ல் மொத்தம் 21,513 கார்வெட், அதில் கூப் 10,594. வடிவம் ஒரே வருடம்தான் என்பதால் இன்று அதற்கு அவ்வளவு தேவை.

65-ல் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வந்தது. பக்கவாட்டில் மூன்று செங்குத்துப் பிளவுகள், காற்று உண்மையிலேயே போகும். பானட் வழவழப்பானது, 63-ல் அங்கே இருந்த போலிச் சல்லடைகள் 64-லேயே போய்விட்டன, அவற்றின் பள்ளமும் இப்போது மறைந்தது. 396 கியூபிக் இன்ச் பெரிய இன்ஜினும் வந்தது, ஃபியூயல் இன்ஜெக்ஷனுக்குக் கடைசி வருடமும் இதுவே. 66-ல் 427. 67-ல் ஐந்து சாய்ந்த பிளவுகள், ஹேண்ட்பிரேக் சீட்டுகளுக்கு நடுவே, இரட்டை மாஸ்டர் சிலிண்டர்.

இதை நோட்டில் எழுதினால் வலது பக்கம் ஏறக்குறைய எல்லாமே பொறியாளரின் கேள்விகளுக்கான பதில்கள். ஒவ்வொரு வருடமும் தேவையற்ற ஒன்றைக் கழற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். நான் 65-ஐத் தேர்ந்தெடுப்பேன். ஃபியூயல் இன்ஜெக்ஷனும் டிஸ்க் பிரேக்கும் ஒரே காரில் கிடைக்கிற ஒரே வருடம் இந்தத் தலைமுறையில் அதுதான். 67 இன்னும் முழுமையான கார் என்று சொல்கிறவர்களோடு எனக்கு வாதம் இல்லை. 63-ஐ நேசிக்கிறவர்களிடம் மட்டும் ஒன்று சொல்வேன்: அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று ரசித்த பிறகு, உள்ளே உட்கார்ந்து ரியர்வியூ கண்ணாடியில் ஒரு தடவை பாருங்கள். அப்போதும் பிடித்தால் அது உங்கள் கார்.

எதிரே நிற்பது அந்த வருடம்தானா?

ஒப்பீடு காகிதத்தில் முடிந்தபின் உண்மையான கார் முன்னால் நிற்கும்போது, அது தன் வருடத்தைத்தான் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். 50, 60 வருடத்தில் முகம் மாறியிருக்கலாம், இன்ஜின் மாறியிருக்கலாம்.

வண்டி எண்ணிலிருந்து தொடங்குங்கள். டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு மியூசியத்தில் இருக்கிற முதல் மஸ்டாங்கின் எண் 5எஃப்08எஃப்100001. 5 என்றால் 1965 மாடல். முதல் எஃப் டியர்பார்ன் தொழிற்சாலை. 08 கன்வெர்ட்டிபிள், அதாவது கூரையை மடிக்கக்கூடிய கார். அடுத்த எஃப் 260 வி8. மீதி வரிசை எண். அதே இடத்தில் கே என்று இருந்தால் 271 குதிரைத்திறன் கொண்ட 289. ஃபோர்டு இப்படி இன்ஜினையும் எண்ணில் சொல்லிவிடும். செவர்லேயில் 1972-க்கு முன் எண்ணைப் பார்த்துக் குறிப்பிட்ட இன்ஜினைச் சொல்ல முடியாது. ஆகவே "இது பெரிய இன்ஜினோடு பிறந்தது" என்று விற்பவர் சொன்னால் பழைய பில்லோ தொழிற்சாலைத் தாளோ கேளுங்கள்.

போன்டியாக் ஜிடிஓ நல்ல உதாரணம். 1964-லும் 65-லும் அது லெமான்ஸ் காரில் கூடுதலாக வாங்கும் தொகுப்பு மட்டுமே, எண்ணில் தெரியாது. 66-ல் தனி மாடலாகி 242 என்று எண் தொடங்கும். 65 ஜிடிஓ என்று சொல்லப்படும் காருக்கு, போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் தரும் பழைய ஆவணம் இல்லாமல் முழு விலை கொடுக்க மாட்டேன். ஃபோர்டில் 1967 முதலான கார்களுக்கு மார்ட்டி ரிப்போர்ட் என்று ஒன்று வாங்கலாம்; எந்த நிறம், எந்த இன்ஜின், எந்த டீலர் என்று எல்லாம் வரும்.

பிறகு வார்ப்புத் தேதியும் வார்ப்பு எண்ணும். செவர்லே பிளாக்கின் பின்விளிம்பில் தேதி சி 14 7 என்பது போல இருக்கும். சி மூன்றாவது மாதம், மார்ச், 14 தேதி, 7 வருடத்தின் கடைசி இலக்கம். 57-ஆ 67-ஆ என்பதைப் பிளாக்கில் தனியாக இருக்கும் வார்ப்பு எண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டும். ஃபோர்டு பாகத்தில் சி5இசட்இ என்று தொடங்கினால் சி 1960கள், 5 என்றால் 1965, இசட் மஸ்டாங், இ இன்ஜின் பிரிவு. பாகத்தின் வார்ப்புத் தேதி காரின் தயாரிப்புத் தேதிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் அது பிறகு வந்த பாகம்.

என் தொழிலிலிருந்து ஒரு வழி சொல்கிறேன். கதவுக்கும் முன் தகட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் பாருங்கள். அந்தக் காலத் தொழிற்சாலைக் கார்களே துல்லியமாக இருக்காது. ஆனால் இடது பக்கமும் வலது பக்கமும் மிகவும் வேறுபட்டால் ஒரு பக்கம் அடி வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். 67 கமாரோவின் முன் தகட்டில் பக்கவாட்டு விளக்குக்கான துளை இருந்தாலோ அடைத்த தடம் இருந்தாலோ அது 68-ன் தகடு. ஒரு காந்தமும் டார்ச்சும் கையில் இருக்கட்டும். இரும்புத் தகட்டில் காந்தம் ஒட்டாத இடத்தில் பூச்சு நிரப்பியிருக்கிறார்கள். கார்வெட்டில் இதை முயல வேண்டாம், அது ஃபைபர் கிளாஸ்.

விலையை ஒப்பிடும்போது நிலையையும் சமமாக்குங்கள். பழைய கார்களுக்கான ஹாகர்ட்டி விலைப்பட்டியல் காரின் நிலையை 1 முதல் 4 வரை பிரிக்கிறது, 1தான் சிறந்தது. மூன்றாம் நிலை 66-ஐயும் இரண்டாம் நிலை 67-ஐயும் வைத்து எந்த வருடம் மலிவு என்று பேசினால் வருடத்தை ஒப்பிடவில்லை, துருவை ஒப்பிடுகிறோம்.

உங்களுக்குப் பிடித்தது எது

இதைக் கண்டுபிடிக்கக் கார்களுக்கு நடுவே நடக்க வேண்டும். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் உட்வர்ட் அவென்யூவில் ட்ரீம் க்ரூஸ் நடக்கிறது. 1995-ல் தொடங்கியது. ஃபெர்ன்டேலிலிருந்து போன்டியாக் நகரம் வரை சாலையே பழைய கார்களாக ஓடும். நின்றிருக்கிற காரையே பார்த்துப் பழகியவருக்கு, ஓடுகிற காரின் வடிவம் புதிதாகத் தெரியும். அந்த வாரத்தில் சனிக்கிழமைக்கு முந்தைய நாட்களிலேயே போங்கள். சனிக்கிழமை கூட்டத்தில் ஓனர்களோடு பேச நேரம் கிடைக்காது. நிதானமாகப் பார்க்க ஹிக்கரி கார்னர்ஸில் கில்மோர் மியூசியம் இருக்கிறது.

போகும்போது காரின் முன்னால் வைத்திருக்கும் விவர அட்டையைப் படிக்காதீர்கள். முதலில் கண்ணால் பாருங்கள். ஹெட்லைட் உயரத்துக்குக் குனிந்து பக்கவாட்டில் ஒரு பார்வை. பின்னால் பத்தடி தள்ளி நின்று ஒரு பார்வை. ஓனர் சம்மதித்தால் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங், பெடல், கண்ணாடி. பிடித்ததையும் பிடிக்காததையும் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு வருடத்தைப் படியுங்கள், விலையைப் படியுங்கள். விலை தெரிந்தபின் கண்ணுக்குப் பிடிப்பது மாறும். அதனால்தான் இந்த வரிசை.

அப்படி என் நோட்டில் திரும்பத் திரும்ப வந்த கார் 1965 ப்யூக் ரிவியேரா. 63 ரிவியேராவைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள், அது நியாயம்தான். ஆனால் டிசைனர்கள் முதலில் வரைந்ததே ஹெட்லைட் ஒளிந்திருக்கிற முகம். அது 63-க்குள் முடியாமல் போய், வெளியே தெரியும் ஹெட்லைட்டோடு வந்தது. 65-ல்தான் முன் ஓரங்களில் திறந்து மூடும் சல்லடைகளுக்குள் விளக்கைக் கொண்டுபோனார்கள். டெயில்லைட் பம்பருக்குள் போனது, பக்கவாட்டுப் போலிச் சல்லடை நீங்கியது. வரைந்தவர் மனத்திலிருந்த கார் இரண்டு வருடம் தாமதமாகச் சாலைக்கு வந்தது. பழைய டைனாஃப்ளோ ஆட்டோமேட்டிக் கியருக்குப் பதில் வந்த மூன்று வேக ஆட்டோமேட்டிக்கும் 64-லிருந்தே இருக்கிறது. வாங்கப் போகிறவர் அந்த விளக்கு மூடிகளைப் பல தடவை திறந்து மூடிப் பார்க்க வேண்டும். பழுது பார்ப்பது சுலபமல்ல.

ஜிடிஓவில் 66, 67 இரண்டுக்கும் நடுவே இன்னும் என் மனம் நிலைக்கவில்லை. 66-ல் மூன்று கார்பரேட்டர் வரிசை கடைசித் தடவையாக வந்தது. 67-ல் 389 போய் 400 வந்தது, மூன்று வேக ஆட்டோமேட்டிக் வந்தது, முன் டிஸ்க் பிரேக் கேட்டு வாங்கலாம். அடிப்படைத் திறன் இரண்டிலும் 335. ஓட்டுவதற்கு 67, பானட்டைத் திறந்து காட்டுவதற்கு 66.

வீட்டில் இரண்டு பேருக்கும் கருத்து ஒத்துப்போகாவிட்டால், யார் எங்கே உட்காரப்போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1961-ல் வந்த லிங்கன் கான்டினென்டலில் பின்கதவு பின்னோக்கித் திறக்கும். 63 வரை சக்கர இடைவெளி 123 இன்ச், பக்கக் கண்ணாடி வளைந்தது. 64-ல் பின் சீட்டுக்கு இடம் வேண்டும் என்று 126 இன்ச் ஆக்கினார்கள், கண்ணாடியைத் தட்டையாக்கினார்கள். நான் வெளியே நின்று அந்தக் கண்ணாடி வளைவைப் பார்த்து 63 என்கிறேன். என் மனைவி பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து 64 என்கிறாள். அவள் சொல்வதில் மூன்று இன்ச் நியாயம் இருக்கிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இடம் கிடைத்தால், ஓனர்களிடம் கேட்டுக்கொண்டு அந்த மூன்று இன்ச்சில் எவ்வளவு முழங்காலுக்குப் போகிறது என்று டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதப்போகிறோம்.